நான் கடைவீதியாக்கிய ரோடு

மகனே,

உன் கடிதம் வந்தது. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும் நாளைப் பற்றி நீ எழுதியிருந்ததெல்லாம் சரி. பெண் வீட்டார் ஆவூர்க் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், அதுவும் சரி. நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயில், எனக்கு என்ன ஆட்சேபணை இருக்கப்போகிறது? கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி ஒன்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். பஸ் முதலாளி ராமலிங்கம் செத்த அன்று கடைவீதியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அத்தனை கடையும் சாத்தியிருந்ததாம், நம் இட்லிக் கடை மட்டும் திறந்திருந்ததாம். பாடை வாசலைத் தாண்டும்போது நான் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தேனாம், அது சுர்ரென்று இரைந்தது சங்குச் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். முதலாளியின் மகன் குமரேசன் திருச்சியில் உன்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன். அவன் சொல்லி வருத்தப்பட்டான் என்று எழுதியிருக்கிறாய். "செத்தவங்க மேல என்ன பகை ஆத்தா, ஒரு எட்டு போயி துக்கம் கேட்டுட்டு, கல்யாணத்துக்கும் அழைச்சிட்டு வா" என்று கேட்டிருக்கிறாய்.

குமரேசன் பொய் சொல்லவில்லை. தண்ணீர் தெளித்தது நான்தான். அன்றைக்குத் தோசை தின்ன ஒரு ஆளும் வரவில்லை. வர மாட்டார்கள் என்று தெரிந்துதான் மாவு கரைத்தேன். உன் அக்கா பஸ்ஸில் அடிபட்டுப் போனாள் என்பது உனக்குத் தெரியும். எந்த பஸ் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். "பையன் மனசுல வெசத்த ஊத்தாத புள்ள, அவனாச்சும் நல்லா இருக்கட்டும்" என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதற்காகவே உன்னைச் சின்ன வயதிலேயே ஆவூர் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நீயும் குடும்பஸ்தன் ஆகப்போகிறாய். இனி அந்தச் சத்தியம் என்னைக் கட்டாது. படித்துவிட்டு நீ என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள். முதலாளியை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வராது, அதையும் பொறுத்துக்கொள்.

நீ இப்போது பார்க்கிற கடைவீதி முன்பு இல்லை. சமஸ்தானம் இருந்தபோது அது கப்பி போட்ட பெரிய ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். ஊர் ரோட்டில் இல்லை, உள்ளே தள்ளிக் கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிறவனுக்கு இப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாது. பார வண்டிகள் போகும். கரி அடுப்பு வைத்த பஸ் ஒன்று போகும். மேடு வந்தால் அது மூச்சு வாங்கி நின்றுவிடும், உள்ளே இருந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். நம் கொல்லையும் குடிசையும் மட்டும் ரோட்டை ஒட்டி இருந்தன. குடிக்கிற தண்ணீருக்கு ரோட்டைத் தாண்டி ஊருணிக்குப் போக வேண்டும். போக வர யாரும் இரண்டு பக்கமும் பார்த்ததில்லை. பார்க்க என்ன இருந்தது?

சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த பிறகு ரோட்டுக்குத் தார் வந்தது. ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. உன் அக்கா சூடு ஆறாத தாரை உருட்டிப் பொம்மை பண்ணி, பாவாடையெல்லாம் கறையாக்கிக்கொண்டு என்னிடம் அடி வாங்கினாள். தார் போட்டதும் பஸ் இரண்டாயிற்று. ராமலிங்கத்தின் சிவப்பு வண்டி ஒன்று, யாரோ திருச்சிக்காரரின் பச்சை வண்டி ஒன்று. எது முந்திப் போகிறதோ அதற்குத்தான் வழியில் நிற்கிற ஆட்கள். இரண்டும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு பறக்கும். புளியமரத்தில் இருக்கிற கிளியெல்லாம் கலைந்து ஓடும்.

அன்று நான் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். நீ மரத்தடியில் தூளியில் கிடந்தாய். உன் அக்கா சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள். அந்த வருஷம் கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிப் புதுநன்மை எடுக்க வேண்டியவள், போகும்போது மந்திரத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பச்சை வண்டி தாண்டிப் போயிற்று. அதன் புழுதியிலேயே சிவப்பு வண்டி வந்தது. குடம் உருண்ட சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. ஓடிப்போய் மடியில் எடுத்தேன். உயிர் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து ராமலிங்கம் இறங்கி வந்தான். வெள்ளை வேட்டி, கையில் கடிகாரம். பிள்ளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். "கிளீனரு இருந்து பாத்துக்கடா, வண்டி போகட்டும். டயம் ஆகுது" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் அழுதார்கள். ஆனால் யாரும் இறங்கவில்லை. வண்டி போய்விட்டது.

கேஸ் நடந்தது. பஸ்ஸில் வந்தவர்களில் சாட்சி சொன்னவர்கள், தூங்கிக்கொண்டிருந்தோம், ஒன்றும் தெரியாது என்றார்கள். பட்டப்பகலில் ஒரு பஸ் முழுக்கத் தூக்கம். பிள்ளைதான் குறுக்கே ஓடி வந்தது என்று முடிந்தது. கோர்ட்டு வராந்தாவில் உன் அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ராமலிங்கம் தன் வக்கீலோடு எங்களைத் தாண்டிப் போகும்போது சொன்னான்: "ரோடுன்னா வண்டி போறதுக்குய்யா. ஆடு மாடும் புள்ளைகளும் மேயிறதுக்கா ரோடு போட்ருக்கு?" எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, வக்கீலிடம்தான் சொன்னான். எனக்குக் கேட்க வேண்டும் என்று கூட அவன் நினைக்கவில்லை. அதுதான் மகனே எனக்குத் தாங்கவில்லை. அந்த வராந்தாவிலேயே முடிவு பண்ணினேன். இந்த ரோட்டில் ஆடும் மாடும் பிள்ளைகளும் மேய வேண்டும், அதை இவன் பஸ்ஸில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டும்.

அருவாளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். உன் மாமன்மார் அதற்குத் தயாராகத்தான் இருந்தார்கள். ஒரு வெட்டில் அவனுக்குத் தீர்ந்துவிடும், எனக்குத் தீராது. நான் வேறு வழியில் போனேன். அவள் விழுந்த இடத்துக்கு நேராக, நம் கொல்லையில் ரோட்டைப் பார்த்து ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு இட்லி அவித்தேன். மாடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றேன். உன் அப்பா கொத்தனார் இல்லையா, பேசாமல் கட்டிக் கொடுத்தார். தண்ணீரும் நிழலும் இருந்தால் வண்டிக்காரர்கள் வராமல் இருப்பார்களா? கடலை மூட்டை ஏற்றின வண்டிகள் இரண்டு பக்கமும் நிற்க ஆரம்பித்தன. வண்டி நின்றால் மாட்டுக்கு லாடம் அடிக்க ஆள் வருவான், லாடக்காரன் வந்தால் பட்டறை வரும். சைக்கிள் கடை வந்தது, சலூன் வந்தது. வாடகை வேண்டாம், வாசலை மட்டும் ரோட்டைப் பார்த்து வை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஊரில் என்னைப் பைத்தியம் என்றார்கள்.

சந்தைக் கடையை ரோட்டோரத்தில் முதலில் துணிந்து விரித்தவர் கோட்டைப்பட்டினத்துக் காதர் பாய். கருவாட்டு மூட்டையோடு ஊர் ஊராகச் சந்தைக்குப் போகிறவர். நம் ஊர்ச் சந்தை அப்போது கண்மாய்க்கரையில் கூடும். ஒரு ஐப்பசியில் கண்மாய் உடைந்து சந்தைத் திடல் முழுக்கச் சேறு. ஊர்ப் பெரியவர்கள் சந்தையை நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காதர் பாயிடம் போய், "பாய், ஒங்க கருவாட்ட ரோட்டோரமா விரிங்க, மத்தவங்க தன்னால வருவாங்க" என்றேன்.

"பஸ்ஸு போற ரோடும்மா. ஏத்திட்டுப் போயிருவான்" என்றார்.

"ஏத்த மாட்டான். நான் முன்னால நிக்கிறேன்."

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியும். "சரி, அங்கிட்டு ஒரு சாக்க விரிச்சு விடு" என்றார். அடுத்த சந்தைக்குள் காய்கறி வந்தது, பானை சட்டி வந்தது, கோழி வந்தது, ஆடு வந்தது. ஆடு ரோட்டில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. சிவப்பு வண்டி ஹாரன் அடித்து அடித்துத் தொண்டை கட்டிப்போய் நின்றது. அவளைப் புதைத்த பிறகு அன்றுதான் நான் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு பள்ளிக்கூடம். பங்குச் சாமியார் பள்ளிக்கூடம் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். கொல்லையின் பின்பாதியை எழுதிக் கொடுத்தேன், ஒரே நிபந்தனை, வாசல் ரோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அவர் பூசையில் என்னுடைய தாராள மனசைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நான் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மற்றவர்கள் அடக்கம் என்று நினைத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒரு மூங்கில் கம்போடு நடு ரோட்டில் நான் நின்றேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் பட விட்டேனா, கேட்டுப் பார். கடைசிப் பிள்ளை தாண்டுகிற வரை எந்த வண்டியும் நகராது. சில நாள் கடைசிப் பிள்ளை தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒரு நாள் ராமலிங்கமே இறங்கி வந்தான். "என்ன புள்ள, ரோட்ட மறிக்கிறியா? வண்டி டயமுக்குப் போக வேணாமா?"

"ஆடும் மாடும் புள்ளைகளும் மேயுதுங்க முதலாளி. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அவனுக்கு அவன் சொன்னது ஞாபகம் இல்லை. நான் யார் என்பது மட்டும் அப்போதுதான் உறைத்தது. கழுத்திலிருந்து மேலே அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். நான் மெதுவாக, மிக மெதுவாக ஒதுங்கினேன்.

ஆக்கிரமிப்பு என்று மனுப் போட்டான். சர்வேக்காரர்கள் சங்கிலியோடு வந்தார்கள். நம் கடைகள் ஒன்றுகூட பட்டாவைத் தாண்டவில்லை, உன் அப்பா நூல் பிடித்துக் கட்டினவர். அளந்துகொண்டே போனவர்கள் தெற்குக் கோடிக்குப் போய் நின்றார்கள். அவனுடைய பஸ் ஷெட்டின் முன்சுவர்தான் ரோட்டுப் புறம்போக்கில் உட்கார்ந்திருந்தது. அதை இடிக்கிற அன்று நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். கடப்பாரை போட்டவர்களுக்கு என் கையால் டீ கொடுத்தேன். உன் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "விடு புள்ள. போனது திரும்பி வருமா?" என்றார். "வராது. அதுனாலதான்" என்றேன். அவர் சாகிற வரை அந்தப் பதில் அவருக்குப் புரியவில்லை. அதற்காக அவரை ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்ட சுவரையெல்லாம் கட்டிக் கொடுத்தார். எதற்கு என்று தெரிந்தே கட்டினார்.

கடைசியில் அவனே அவனுக்குக் குழி தோண்டினான். வண்டி வேகமாகப் போக ஒரே வழி ஊருக்கு வெளியே புது ரோடு போடுவதுதான் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். ஆளைப் பிடித்தான், மாலை போட்டான். கண்மாய்க்கு மேற்கே சுற்றிப் புது ரோடு வந்தது. மைல்கல்லையெல்லாம் பிடுங்கி அங்கே கொண்டுபோய் நட்டார்கள். நம் ரோடு வெறும் ஊர்த் தெரு ஆயிற்று. "ஒன் கடைவீதிய நீயே வச்சுக்க" என்று ஆளிடம் சொல்லி அனுப்பினான். சிவப்பு வண்டி புது ரோட்டில் காற்று மாதிரி போயிற்று. ஆனால் ஆட்கள் அங்கே இல்லையே! பள்ளிக்கூடம் இங்கே, சந்தை இங்கே, துணிக்கடை, மருந்துக்கடை, சினிமாக் கொட்டகை எல்லாம் இங்கே. பெட்டி தூக்கிக்கொண்டு கண்மாயைச் சுற்றி நடக்க யாருக்குப் பைத்தியம்? பச்சை வண்டிக்காரன் கெட்டிக்காரன். பழைய ரோட்டு வழியாகவே வந்தான், நின்றான், பிள்ளைகள் தாண்டும் வரை காத்திருந்தான், வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனான். அவனுக்கு முதல் நாள் நான் இட்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சிவப்பு வண்டி காலியாகவே பறந்தது. பிறகு ராமலிங்கம் பஸ்களை ஒவ்வொன்றாக விற்றான். ஷெட்டில் இப்போது விறகுக் கடை இருக்கிறது. நாம் அங்கேதான் விறகு வாங்குகிறோம்.

சாமியாரிடம் எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "போதும்மா, மன்னிச்சிரு" என்றார். "நான் மன்னிச்சா நடு ரோட்டுல யாரு நிப்பா சாமி?" என்று கேட்டேன். பரலோக மந்திரத்தில், தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல என்கிற அந்த ஒரு வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். சின்னப் பிள்ளையில் என் பக்கத்தில் முழந்தாளிட்டு நீ ஒரு தடவை அதைக் கவனித்து, "ஆத்தா, நடுவுல விட்டுட்ட" என்றாய். மறக்கவில்லை, தெரிந்துதான் விட்டேன்.

இனி சொல்லப்போவது குமரேசனுக்கும் தெரியாது. போன கோடையில் ஒரு சந்தை நாள். ராமலிங்கத்துக்கு ஒரு பக்கம் வாதம் வந்து, கண்ணும் மங்கி, கைத்தடியோடு எதிர்ச்சாரியில் நிற்பதைப் பார்த்தேன். கூட வந்த ஆள் எங்கேயோ போய்விட்டான் போல. மருந்துக்கடை நம் பக்கம். தாண்டி வர வேண்டும். சைக்கிள், மாட்டு வண்டி, தலைச்சுமைப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு அடி வைப்பான், மணி அடிக்கும், பின்னால் போவான். வெயிலில் அவன் அப்படி நிற்பதை அடுப்பை விட்டு வந்து வாசலில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே போய்க் கையைப் பிடித்தேன்.

"யாரும்மா? நல்லா இருப்ப" என்றான்.

பாதி ரோடு வரை கூட்டி வந்து நிறுத்தினேன். நாலா பக்கமும் வண்டி நின்று சத்தம் போட்டது.

"ஏன் நின்னுட்ட? அடிச்சிரப் போறான்ம்மா" என்றான்.

"இந்த எடந்தான் முதலாளி."

கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "அந்தப் புள்ள பேரு என்ன?" என்று கேட்டான். "கோர்ட்டுல சொன்னாங்க. மறந்துட்டேன். எப்பப் பாத்தாலும் யோசிக்கிறேன், வரமாட்டேங்குது. சொல்லும்மா. அந்தப் பேருல கோயில்ல ஒரு வெளக்குப் போட்டா நான் நிம்மதியாப் போயிருவேன்."

நான் அவன் காதருகே போய், "நல்லா யோசிங்க முதலாளி" என்றேன். மருந்துக்கடைப் படியில் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டு வந்து இட்லித்தட்டைக் கழுவினேன்.

அதற்குப் பிறகு அவன் மனைவி ஆளனுப்பிக் கேட்டாள். அவளே வந்து வாசலில் நின்று ஒரு நாள் கேட்டாள், "புண்ணியமாப் போகும், சொல்லுங்கக்கா, மனுசன் பெனாத்துறாரு." இரண்டு இட்லி வைத்து, தண்ணீர் கொடுத்து, சொல்லாமல் அனுப்பினேன். கடைவீதியில் இருக்கிறவர்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள், அவர்களுக்கு அவள் 'இட்லிக்காரம்மா மகள்'. கல்லறையில் நட்ட மரச்சிலுவை கறையான் தின்று போயிற்று, கோர்ட்டுக் கட்டும் அப்படித்தான். பேர் தெரிந்த பழைய ஆட்கள் நாலு பேர் இருக்கிறார்கள், நாலு பேரும் காலையில் என் கடையில் சாப்பிடுகிறவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராமலிங்கம் தேடிக்கொண்டே செத்தான். உனக்கு நெஞ்சு அடைக்கலாம். எனக்கு அன்று பசித்தது.

நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்கு ஒருவன் தீங்கு செய்தால் உடனே கை ஓங்காதே. உன்னால் எத்தனை நாள் பொறுக்க முடியும் என்று முதலில் பார். பொறுக்க முடியாவிட்டால் அன்றே மன்னித்துவிடு. அதுவும் பலம்தான், உன் அப்பாவுக்கு அது இருந்தது. எனக்கு இல்லாமல் போயிற்று, இருப்பதை வைத்துத்தானே செய்ய முடியும்?

குமரேசன் மேல் எனக்குப் பகை இல்லை. அவன் அப்போது உன்னைப் போலத் தூளிப் பிள்ளை. நீ தாராளமாக அவன் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேள், கல்யாணத்துக்கு அழை, அவன் அம்மாவையும் அழை. பந்தியில் நானே பரிமாறுகிறேன். ஆனால் அவர்கள் உன்னிடம் கேட்பார்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றி நீ வருஷா வருஷம் சொல்கிற பேர், உன் நாக்கு நுனியில் இருக்கும். வெள்ளை மனசுக்காரன், இரக்கப்பட்டுச் சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தை வேண்டுமானால் குமரேசனிடம் கொடு, முதலிலிருந்து கடைசி வரை படிக்கட்டும். அவள் பேரை நான் இதில் எங்கேயும் எழுதவில்லை.

உன் ஆத்தா